பதிவுகள் எதுவும் இல்லை: நூலகர்கள் கற்பிக்கும் ஆய்வுத்திறன் குறித்து

நூலகத்தின் தேடுபெட்டியில் மாணவர் ஒரு சொல்லை இடுகிறார். பதிவுகள் எதுவும் இல்லை என்று திரை சொல்கிறது. அடுத்து அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்தே அவர் பெற்ற ஆய்வுப் பயிற்சியை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. ஆயிரம் முடிவுகள் வந்து குவியும்போது அவற்றில் பத்தைப் பொறுக்கி எடுக்கப் பழக்கலாம். கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் அதைத் திறம்படச் செய்கிற நூலகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒன்றுமே வராத இடத்தில் மாணவரைக் கைவிடாமல் அழைத்துச் செல்கிற பயிற்சிதான் அரிதாக இருக்கிறது.

இந்த அளவுகோலை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் வாழ்வைப் பற்றி எதை ஆராயப் புகுந்தாலும் முதல் வாரத்திலேயே இந்த வெற்றுத் திரை எதிரே வந்து நிற்கும். மூடப்பட்ட ஒரு தோட்டப் பள்ளி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த குடும்பங்கள், நின்றுபோன ஒரு வார இதழ், ஒரு கோயிலின் நிர்வாக வழக்கு என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும் இதே கதைதான். தன் சொந்த ஊரைப் பற்றி எழுத விரும்பும் மாணவருக்குக் கைகொடுக்காத பயிற்சி, மற்ற எத்தனை பேருக்கு உதவினாலும் நிறைவான பயிற்சி ஆகாது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். மலாயாப் பல்கலைக்கழகம் 1998/99 கல்வியாண்டில் தகவல் திறன் பற்றிய ஒரு கிரெடிட் பாடத்தை இளங்கலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது. அதை நடத்தும் பொறுப்பு நூலகர்களிடம் வந்தது. அக்காலத்தில் மாணவர் நூலகரை முறையாகச் சந்திப்பது பெரும்பாலும் முதல் வாரத்து அறிமுகச் சுற்றில்தான். புத்தகம் இரவல் வாங்கும் முகப்பு இங்கே, சஞ்சிகைகள் மேல்மாடியில், பையை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த நிலையிலிருந்து, வகுப்பறையில் நின்று மதிப்பெண் இடுகிற ஆசிரியராக நூலகர் மாறியது பெரிய காரியம். நூலகப் பட்டியலைக் கையாளுதல், தரவுத்தளங்களில் தேடுதல், அண்ட், ஆர், நாட் என்ற இணைப்புச் சொற்களால் தேடலை விரித்தல், சுருக்குதல், இணையத் தகவலை மதிப்பிடுதல், மேற்கோள் பட்டியலைப் பிழையின்றித் தயாரித்தல் என்று பாடம் அமைந்தது. 2005இல் எட்சான் நாசிர், முகமது ஷாரிப் முகமது சாட் ஆகிய இருவரும் லைப்ரரி ரிவியூ இதழில், இத்தகைய பயிற்சி நாடு முழுவதற்கும் ஒரே தேசியத் திட்டமாக வரவேண்டும் என்று வாதாடி எழுதினார்கள். பாடம் தனி ஒரு பல்கலைக்கழகத்தின் முயற்சியாக நின்றுவிடக் கூடாது என்ற அவர்களின் கவலை நியாயமானது.

மருத்துவ மாணவருக்கு இந்தப் பயிற்சி உடனே பலன் தரும். டி. ஜே. தனராஜின் பெயர் தாங்கிய மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து அவர் நீரிழிவைப் பற்றித் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய சொற்பட்டியல் அவருக்காகக் காத்திருக்கிறது. ஒரே நோய்க்குப் பத்துப் பெயர் இருந்தாலும் பத்தையும் ஒரு தலைப்பின் கீழ் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். கட்டுரைகள் ஏற்கெனவே வகைபிரிக்கப்பட்டுவிட்டன. மாணவர் கற்க வேண்டியது அந்த அமைப்பைக் கையாளும் முறையை மட்டுமே. இரண்டு மணி நேர வகுப்பில் அது வந்துவிடும். எண்ட்நோட், டர்னிட்டின், ஸ்கோபஸ் பற்றி நூலகங்கள் நடத்தும் பட்டறைகளும் இவ்வகையைச் சேர்ந்தவைதான். வேறொருவர் கட்டி முடித்த அமைப்பு ஒன்று இருக்கிறது, அதற்குள் நுழையும் வழியை நூலகர் காட்டுகிறார்.

அமைப்பே கட்டப்படாத இடத்தில் என்ன நடக்கிறது? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்கிறேன். மலேசியத் தமிழர் வரலாற்றில் அது பெரிய நிகழ்வு. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுதல் ஆகியவற்றோடு, துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றிய பத்திரிகையாளர். மே மாதத்தில் அவரைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். துருப்புகள் இறக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

கிள்ளானிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி இதைப் பற்றி இடுபணி எழுத நினைக்கிறாள். தன் பாட்டி சொல்லக் கேட்ட கதை அது என்பதால் அவளுக்கு ஆர்வம். பட்டியலில் தமிழில் தட்டுகிறாள், ஒன்றும் இல்லை. ஸ்கோபஸில் ஆங்கிலத்தில் தட்டுகிறாள், பொருந்தாத சில கட்டுரைகள் வருகின்றன. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி இணைப்புச் சொற்களை மாற்றிப் போடுகிறாள். அவளுக்குக் கற்பிக்கப்பட்ட வித்தை அத்துடன் தீர்ந்துவிடுகிறது. தலைப்பை மாற்றிக்கொள் என்று தோழிகள் சொல்கிறார்கள், அவளும் மாற்றிக்கொள்கிறாள். ஆய்வுலகில் ஒரு தலைப்பு இப்படித்தான் சத்தமில்லாமல் விழுகிறது.

அவளுக்கு உதவ வழி இல்லாமல் இல்லை. அந்த வழி முழுவதும் நூலகவியலுக்கு உட்பட்டது என்பதால்தான் இந்த விடுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். முதல் படி, ஆங்கில நூல் ஒன்றின் அடிக்குறிப்பு. எச். ஈ. வில்சன் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றியே எழுதிய சிறு நூலைச் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 1981இல் வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த மைக்கேல் ஸ்டென்சனின் நூலும், மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே கற்பித்த சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூலும் இருக்கின்றன. இத்தகைய நூல்களின் அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்தால் லண்டன் கியூவில் உள்ள குடியேற்ற அலுவலகக் கோப்புகளுக்கும், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள சிலாங்கூர் செயலகக் கோப்புகளுக்கும் போய்ச் சேரலாம். ஓர் அடிக்குறிப்பைப் பிடித்து அடுத்ததற்குப் போவதுதான் ஆய்வின் மிகப் பழைய திறமை. தேடுபெட்டி வந்த பிறகு அதைக் கற்பிக்கும் நேரம் சுருங்கிவிட்டது.

இரண்டாம் படி நாளிதழ். நுண்படலச் சுருளில் இருக்கும் பழைய தமிழ் நாளிதழில் சொல்லைத் தட்டித் தேட முடியாது. தேதி தெரிந்தால்தான் சுருளை எங்கே நிறுத்துவது என்று தெரியும். தேதியைத் தருவது ஆங்கில நாளிதழ். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் 1941 மார்ச் முதல் மே வரையிலான ஆங்கிலச் செய்திகளைச் சொல் வழியாகத் தேடலாம். கிடைத்த தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதே நாள்களின் தமிழ் முரசு இதழ்களை அதே தளத்தில் படமாகப் புரட்டிப் பார்க்கலாம், தமிழ் நேசனுக்குச் சுருளைத் தேடிப் போகலாம். ஆங்கில ஏட்டில் இரண்டு பத்தியாக இருக்கும் செய்தி தமிழ் ஏட்டில் எவ்வளவு இடம் பெற்றிருக்கிறது, யாருடைய பேச்சு அதில் பதிவாகியிருக்கிறது என்பதை ஒப்பிடும் வேலை அங்கிருந்து தொடங்கும். டிஜிட்டலாக்கப்பட்ட ஒரு மூலத்தைத் துணைக்கொண்டு டிஜிட்டலாக்கப்படாத மூலத்துக்குள் நுழைகிற இந்த உத்தியை அரை மணி நேரத்தில் செய்து காட்டிவிடலாம்.

மூன்றாவது, பெயர்கள். 1972க்கு முந்திய ஆவணத்தில் போர்ட் கிள்ளானைத் தேடினால் ஏமாற்றம்தான், அது அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம். இன்றைய ஜாலான் துன் சம்பந்தன் பழைய கோப்புகளில் பிரிக்பீல்ட்ஸ் ரோடு. தோட்டத்துக்குக் கம்பெனிப் பதிவில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும், தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். பாட்டியின் வாயில் இருப்பது இரண்டாவது, கோப்பில் இருப்பது முதலாவது. தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று சொன்னதை அதிகாரிகளின் கோப்பு தொந்தரவு, குழப்பம் என்ற பாங்கில் பதிந்திருக்கும். ஒரே பொருளுக்கு வழங்கும் பல பெயர்களை ஒன்றோடு ஒன்று கட்டிவைப்பது பட்டியலாளரின் அன்றாட வேலை. அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் மாணவருக்குச் சொல்லித்தர நூலகரைவிடப் பொருத்தமானவர் யார்?

தமிழ் நூற்பட்டியலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். உலகப் பல்கலைக்கழக நூலகங்களில் தமிழ் நூல்களின் பெயர்களை ரோமன் எழுத்தில் பதிவதற்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் எழுத்துபெயர்ப்பு அட்டவணையையே பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதன்படி சகரம் எங்கே வந்தாலும் ஆங்கிலச் சி எழுத்துதான். சிலப்பதிகாரத்தை எஸ் எழுத்தில் தொடங்கித் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. ககரத்துக்கு எப்போதும் கே என்பதால், சங்கம் என்ற சொல்லில் நம் பிள்ளைகள் புலனத்தில் இடுகிற ஜி வராது. ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழ் ஒரு கோடு, ளகரத்துக்கு அதன் கீழ் ஒரு புள்ளி. புள்ளியையும் கோட்டையும் விட்டுவிட்டுத் தட்டினால் பல பட்டியல்கள் பொறுத்துக்கொள்ளும், எழுத்தே மாறினால் பொறுக்காது. புணர்ச்சியில் வரும் ஒற்றை விட்டாலும் சேர்த்தாலும் முடிவு மாறும். தமிழ்ப் புத்தகம் அலமாரியில் இருக்கும்போதே இல்லை என்று மாணவர் திரும்பிப் போவதற்கு இந்த ஒரு அட்டவணையை அறியாமை போதும். கற்பிக்கப் பத்து நிமிடம் பிடிக்கும், நூலகருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற தேவையும் இல்லை. இந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்காத எந்தத் தகவல் திறன் வகுப்பும், தமிழ் படிக்கும் மாணவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதாக என்னால் ஏற்க முடியவில்லை.

இனி மதிப்பிடும் திறனுக்கு வருகிறேன். நூலகர்கள் தங்கள் பெருமைக்குரியதாகக் கருதும் பகுதி இது. அவர்கள் கையில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லி 2004இல் வகுத்த சரிபார்ப்புப் பட்டியல். தகவல் எப்போது வந்தது, நம் தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், துல்லியமானதா, எந்த நோக்கத்தில் எழுதப்பட்டது என்று ஐந்து கேள்விகள். உலகெங்கும் நூலக வகுப்புகளில் இது பரவியது.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு நிறைவு மலரை இந்தப் பட்டியலின்படி சோதித்துப் பாருங்கள். கட்டுரைக்குக் கீழே பெயர் இருக்காது, இருந்தாலும் புனைபெயராக இருக்கும். அச்சிட்ட ஆண்டைத் தலைமையாசிரியரின் வாழ்த்துரையிலிருந்து ஊகித்தறிய வேண்டும். பதிப்பகம் கிடையாது, அச்சகத்தின் பெயர் பின்னட்டையில் சிறிதாக இருக்கும். பாதிப் பக்கங்கள் விளம்பரம். எழுதியவர் யார், துல்லியமானதா என்ற இரண்டு கேள்விகளிலேயே மலர் தோற்றுவிடும், மாணவர் அதை ஒதுக்கிவிடுவார். ஆனால் பள்ளி முதலில் எந்தக் கொட்டகையில் நடந்தது, நிலத்தைத் தந்தவர் யார், எந்த ஆண்டு எந்தத் தோட்டம் மூடப்பட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு அந்த மலரைவிட்டால் வேறு அச்சுச் சான்று இல்லாமல் இருக்கலாம். விளம்பரங்களே கூட அன்றைய கிள்ளான் கடைத்தெருவின் ஆவணம். அழகாக வடிவமைத்து, தேதியும் பெயரும் போட்ட ஓர் இணையக் கட்டுரையோ, பிறரிடமிருந்து நகலெடுத்ததாக இருந்தாலும் ஐந்து கேள்விகளையும் தாண்டிவிடும். சான்றை விலக்கிவிட்டு நகலை ஏற்கச் சொல்கிற சோதனையை நம் சூழலுக்கு ஏற்றது என்று சொல்ல மாட்டேன். மலரை நம்பலாமா என்று கேட்பதைவிட, எந்தச் செய்திக்கு நம்பலாம், எதற்குக் கூடாது என்று கேட்கப் பழக்க வேண்டும். நிலக்கொடையாளர் பெயருக்கு நம்பலாம், நிலப்பதிவேட்டோடு ஒப்பிடலாம். நிர்வாகப் பூசலைப் பற்றி மலர் மௌனமாக இருந்தால் பூசலே நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இரண்டாவது கருவி மேலானது. ஸ்டான்போர்டின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேரைக் கவனித்தார்கள்: வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர் 10 பேர், இளங்கலை மாணவர் 25 பேர். ஒரு தளத்தைப் பார்த்ததும் சரிபார்ப்பவர்கள் அதிலேயே தங்கி ஆராயவில்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் ஏமாந்த இடங்களில் அவர்கள் ஏமாறவில்லை. மைக் கால்ஃபீல்ட் 2019இல் வகுத்த நான்கு படி முறையும் இந்தப் பழக்கத்தின் மேல் எழுந்ததே. குடும்பப் புலனக் குழுவில் வரும் மருத்துவ வதந்திக்கும் அரசியல் வதந்திக்கும் இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியாது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 2013இல் தொடங்கிய ஷுர் இயக்கமும், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா தளமும் இத்தேவையை உணர்ந்து எழுந்தவை. ஆணையத்தின் தளம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது, நூலகரின் பயிற்சி தீர்ப்புக்கு வரும் பழக்கத்தைத் தருகிறது என்பது வேறுபாடு. அந்த வகையில் நூலகரின் பணியே நீடித்த பயன் தரும்.

ஆனாலும் இந்தக் கருவிக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: திறந்து பார்க்க வேறு பக்கங்கள் இருக்க வேண்டும். மலேசியத் தமிழ் இதழ் ஒன்றின் தொடக்க ஆண்டைத் தேடினால் ஐந்து பக்கங்கள் திறக்கலாம், ஐந்தும் ஒரே வரியைச் சொல்லலாம். ஐந்தும் ஒரே மூலத்திலிருந்து நகலெடுக்கப்பட்டவையாக இருந்தால் ஐந்து சாட்சி ஒரு சாட்சிதான். இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் மாணவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். தரவு குறைவாக இருக்கும் துறையில்தான் அது இல்லாத நூலையும் இல்லாத ஆசிரியரையும் தயங்காமல் புனைந்து சொல்லும். அதை மறுக்க இணையத்தில் வேறு பக்கம் இருக்காது. நூலக அலமாரிக்குப் போய்ப் பார்ப்பதும், பட்டியலாளரிடம் கேட்பதும், பழைய நூற்றொகையைப் புரட்டுவதும்தான் அங்கே சரிபார்ப்பு.

இந்தக் கருவிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள அவற்றின் பிறப்பைப் பார்த்தால் போதும். தகவல் எழுத்தறிவு என்ற கருத்தை 1974இல் முன்வைத்த பால் சர்கோவ்ஸ்கி, அமெரிக்கத் தகவல் தொழில்துறைச் சங்கத்தின் தலைவர். தகவல் மிகுந்துபோய் மனிதனால் எடைபோட முடியாமல் போகிறதே என்பது அவர் கவலை. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகர் சங்கம் 2000இல் வெளியிட்ட தரநிலைகளும் அந்த உலகத்துக்காகவே எழுதப்பட்டன. 2016இல் அச்சங்கம் ஏற்றுக்கொண்ட புதிய சட்டகம் சற்று விலகி நிற்கிறது. யாருடைய சொல் சான்றாகும் என்பது சூழலைப் பொறுத்தது, ஆய்வு என்பது தொடர்ந்து கேள்வி கேட்பது என்ற அதன் கருத்துகள் நம் தேவைக்கு நெருக்கமானவை. தோட்டத்தில் பால்மரம் சீவிய மூதாட்டியின் வாய்மொழிக்கு அதில் இடமுண்டு. குறை என்னவென்றால் அது மேலே நின்று பேசுகிறது. திங்கட்கிழமை வகுப்பில் நிற்கும் நூலகருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதிலிருந்து தெரியாது. மிகுதியின் நாட்டில் உருவான பாடத்திட்டத்தை அப்படியே இங்கே இறக்கியதில் பற்றாக்குறை என்ற அத்தியாயம் விடுபட்டுப்போனது என்பதே என் குற்றச்சாட்டு.

நூலகர்கள் தரப்பில் இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஒரு கிரெடிட் பாடத்தில் எல்லாத் துறை மாணவரையும் உட்காரவைத்து, 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேச முடியுமா? பொறியியல் மாணவருக்கு அது எதற்கு? துறை சார்ந்த மூலங்களைக் கற்பிப்பது துறைப் பேராசிரியரின் பொறுப்பு அல்லவா? தமிழ் வாசிக்கத் தெரிந்த நூலகர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இவை சாக்குப்போக்கு அல்ல, முக்கால் பங்கு நியாயம். பேராசிரியர்களின் பங்கை நானும் இங்கே கணக்கில் கொண்டுவருகிறேன். நூலகரை ஒரு வகுப்புக்கு அழைத்து, தரவுத்தளத்தைக் காட்டச் சொல்லிவிட்டுத் தாம் வெளியே போய்விடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. ஆவணக் காப்பகத்தில் ஒரு கோப்பை வரவழைப்பது எப்படி என்று தம் மாணவரை அழைத்துப்போய்க் காட்டாத ஆசிரியர், நூலகரைக் குறைசொல்ல இயலாது. எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற வடிவமே குறை என்பதைத்தான் இந்த மறுப்பு நிரூபிக்கிறது. நூலகர் கற்பிக்க வேண்டாம் என்பதை நிரூபிக்கவில்லை.

அதோடு, இந்த வேலை இங்கே நடந்தே இராத ஒன்றும் அல்ல. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது. அந்த ஆண்டே இந்திய ஆய்வியல் துறையின் தனிநாயகம் அடிகளார் தொகுத்த தமிழாய்வு நோக்கீட்டு நூலைப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. உலகெங்கும் இருந்து அறிஞர்கள் வந்து கூடும் நேரத்தில், இத்துறையில் என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்ற கணக்கை முதலில் எடுத்து மேசையில் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மூன்றாண்டு கழித்து, 1969இல், இராம சுப்பையா தொகுத்த தமிழ் மலேசியானா வெளிவந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியல் அது. அதை வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழக நூலகம்.

இந்த இரண்டு தொகுப்புகளையும் தகவல் திறன் பற்றிய பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. அவை நூற்றொகை, இது கற்பித்தல் என்று தனித்தனியாக வைத்துவிடுகிறோம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பட்டியலே இல்லாத துறையில் பட்டியல் தயாரிப்பதுதான் முதல் ஆய்வுப் பயிற்சி. ஒரு நூலைக் கையில் எடுத்து, ஆசிரியர் புனைபெயரா இயற்பெயரா, அச்சகம் கிள்ளானா பினாங்கா, இரண்டாம் பதிப்பில் மாறியது என்ன, எந்த நூலகத்தில் பிரதி இருக்கிறது என்று பதிகிறவர், மூலத்தை மதிப்பிடும் கலையை அதன் அடியிலிருந்து கற்கிறார். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த பிறகு வளர்ந்த தலைமுறை, 2005 முதல் நூலகம் என்ற இணையத் திட்டத்தில் ஈழத்து எழுத்துகளைத் தேடித் தொகுத்து வருடிப் பதிவேற்றியது. தன்னார்வலர்கள் அந்த வேலையைச் செய்துகொண்டே ஆவணவியலைக் கற்றுக்கொண்டார்கள். பற்றாக்குறையை எதிர்கொண்ட தமிழர்கள் கண்ட வழி அது. 1969இல் நம் கோலாலம்பூர் நூலகம் அதே வழியில் முன்னே நின்றது என்பதை நினைக்கையில், 1998இல் வந்த பாடத்திட்டத்துக்கு அந்த மரபோடு உறவே இல்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வளமையங்களில் நடக்கும் நீலாம் வாசிப்புத் திட்டம் 1999 முதல் நம் பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கம் திருப்பியிருக்கிறது, அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அது எண்ணிக்கையை அளக்கிறது. எத்தனை புத்தகம் படித்தாய் என்று பதிவேடு கேட்கும், இப்போது இணையவழியிலும் கேட்கிறது. இந்தப் புத்தகத்தில் சொன்னது உண்மையென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அதில் இடமில்லை. வேறு பாடங்களையும் சுமந்துகொண்டு வளமையத்தையும் பார்க்கும் ஆசிரியரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பல்கலைக்கழகத்துக்கு வருகிற மாணவர் வெற்றுத் திரையைக் கண்டதும் தயங்கி நிற்பதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

என் தீர்ப்பு இது. தேடும் கருவிகளைக் கற்பிப்பதில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல்கலைக்கழக நூலகர்கள் தேறிவிட்டார்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வதந்தியைச் சரிபார்க்கப் பழக்குவதில் சரியான பாதையில் இருக்கிறார்கள், சரிபார்ப்புப் பட்டியலைக் கைவிட்டு, பக்கம் விட்டுப் பக்கம் போய் ஒப்பிடும் முறைக்கு முழுவதுமாக மாறினால் இன்னும் நல்லது. தரவுத்தளத்துக்கு வெளியே கிடக்கும் வாழ்க்கையை ஆராய மாணவரைத் தயார்செய்வதில் இந்தப் பயிற்சி தோற்றுவிட்டது. தமிழுக்கு மட்டும் நேர்ந்த தோல்வி அல்ல இது. சபா, சரவாக் பூர்வகுடி மொழிகளில் ஆய்வு செய்கிறவருக்கும், சீனப் புதுக்கிராமங்களின் வரலாற்றை எழுதுகிறவருக்கும் இதே வெற்றுத் திரைதான். ஆகவே பாடத்தை நீக்கச் சொல்வது தவறு. நூலகரை மீண்டும் இரவல் முகப்புக்கு அனுப்புவதும் தவறு. மாற வேண்டியது இறுதி மதிப்பீடு. எத்தனை மூலங்களைக் கண்டுபிடித்தாய் என்று அளப்பதோடு, கிடைக்காத ஒன்றைத் தேடிய வழியை எழுதச் சொல்லி அதற்கும் மதிப்பெண் தர வேண்டும். எந்தப் பெயர்களில் தேடினாய், எங்கே நின்றாய், யாரிடம் கேட்டாய், அடுத்து எந்தச் சுருளை, எந்தக் கோப்பைப் பார்ப்பாய்?

இந்திய ஆய்வியல் மாணவருக்கு இதைவிடத் திட்டவட்டமான இடுபணி ஒன்றும் சாத்தியம். தமிழ் மலேசியானா 1969இல் அச்சேறியது. அதற்குப் பிறகு இந்நாட்டில் வெளிவந்த தமிழ் நூல்களில் பல, ஆசிரியர் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியீட்டு விழாவில் விற்றவை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சு நூலுக்கு ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் வெளியான ஒரு தமிழ் நூலை, மலரை, நின்றுபோன இதழைக் கண்டெடுத்து, ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று எழுத்துபெயர்ப்பு அட்டவணையின்படி தேடிப் பார்க்கட்டும். இல்லையென்றால் முழுப் பதிவு ஒன்றைத் தயாரித்து நூலகரிடம் ஒப்படைக்கட்டும். நூலகர் அதைத் திருத்தி, மதிப்பெண் இட்டு, பட்டியலில் ஏற்றட்டும். அடுத்த ஆண்டு கிள்ளானிலிருந்து வருகிற மாணவி தட்டும்போது ஒரு பதிவாவது வரும்.